கேட்கிறதெல்லாம் கண்ணில் பட வேண்டும்: வீட்டிலிருந்தே ஒரு வீடியோப் பாட்டு

திரையில் ஒன்பது கட்டங்கள். ஒன்பதிலும் ஒரே ஆள். ஒரு கட்டத்தில் மிருதங்கம், ஒன்றில் ஹார்மோனியம், மூன்றில் குரல், மற்றவற்றில் கைத்தாளமும் சுளகும் உரலும். பார்ப்பவர்களில் பாதிப்பேர் இதை எடிற்றிங் வித்தை என்றுதான் நினைக்கிறார்கள். எடிற்றிங் இதில் கடைசி வேலை. கற்பனை முழுக்க அதற்கு முன்னரே, எந்த ஒலியை எடுப்பது, அதை எப்போது கண்ணுக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது.

இந்த வகைக்கு ஒரு கறாரான சட்டம் உண்டு. அமெரிக்கக் கலைஞர் ஜாக் கோன்டே, நத்தாலி டோனுடன் சேர்ந்து 2008இல் பாம்பிள்மூஸ் குழுவைத் தொடங்கிய காலத்தில், தன் வீடியோப் பாட்டுகளுக்கு இரண்டே விதிகளை வைத்தார். பார்ப்பதுதான் கேட்பது, வாயசைப்பு, கையசைப்பு நடிப்பு கிடையாது. ஓர் ஒலி கேட்கிறதென்றால், அது பாட்டில் ஏதோ ஓரிடத்திலாவது கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஒளித்து வைத்த ஒலி கிடையாது.

இதே காலத்தில் வேறு வழிகளும் பிறந்தன. நோர்வேயைச் சேர்ந்த லாசே யெர்ட்சன் ட்ரம்ஸோ பியானோவோ வாசிக்கத் தெரியாமலேயே, ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகப் படமெடுத்து, வெட்டி ஒட்டி 2006இல் ஒரு முழு இசையை உண்டாக்கினார். இஸ்ரேலின் குட்டிமன் 2009இல், முன்பின் அறியாத ஆட்கள் யூரியூப்பில் போட்டிருந்த துண்டு வாசிப்புகளைச் சேர்த்து ஒரு குழுவே வாசிப்பதாகக் கேட்க வைத்தார். லண்டனில் ஜேக்கப் கொலியர் தன் வீட்டு அறையில் இருந்தபடியே குரல் மேல் குரலாக அடுக்கினார். வெட்டுவது, பொறுக்கிச் சேர்ப்பது, அடுக்குவது: மூன்றும் மூன்று கலை. யாழ்ப்பாணத்தில் ஒரு போனும் ஒரு மடிக்கணினியும் வைத்திருக்கிற ஒருவருக்கு அடுக்குவது முதுகெலும்பாகவும் வெட்டுவது துணையாகவும் இருந்தால் பொருந்தும் என்பது என் எண்ணம். கர்நாடக சங்கீதமோ பண்ணிசையோ படித்த கைக்கு முழு ஆவர்த்தனத்தையும் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) நிறுத்தாமல் வாசிக்க முடியும். அந்தத் தொடர்ச்சியைத் துண்டு துண்டாக வெட்டுவது வீண். உலக்கையும் படலையும் தாளத்தில் நிற்கப் பழகியவையல்ல. அவற்றை வெட்டித்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் 32 கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றும் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு அடி. நிமிடத்துக்கு 75 அடி என்றால் ஓர் ஆவர்த்தனம் 6.4 விநாடி, 32 ஆவர்த்தனத்துக்கு 3 நிமிடம் 25 விநாடி வரும். ஒரு வீடியோவுக்கு அது போதும். மேலிருந்து கீழாக ஒலிகளை எழுதி, எது எந்த ஆவர்த்தனத்தில் நுழைகிறது, எங்கே ஓய்கிறது என்று நிழல் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஆவர்த்தனத்தில் இரண்டு புது ஒலி நுழைந்தால் கண் ஒன்றைத் தவறவிடும். தவறவிட்ட ஒலி காதுக்கும் பாதிதான் சேரும். ஆகவே ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரு புது ஒலி, அதற்கு மேல் வேண்டாம்.

ஒலிகளைத் தெரிவு செய்வதில்தான் இந்தக் கலையின் சுவை இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீட்டு வளவுக்குள் ஒரு வாத்தியக் கூட்டமே கிடக்கிறது.

சுளகை எடுத்துக்கொள்வோம். அரிசியைப் புடைக்கும்போது இரண்டு ஒலி வரும். மேலே எறியும்போது உரசுகிற மெல்லிய ஒலி, திரும்ப விழும்போது ‘சர்’ என்று கனமான ஒலி. தாளத்தில் நிற்க வேண்டியது விழுகிற ஒலிதான். கை அதற்கு முன்னரே எறிந்துவிட வேண்டும். ஹெட்போனில் தாளம் காட்டுகிற கிளிக்கைக் கேட்டு அடி விழும்போது எறிந்தால் ஒலி பிந்தித்தான் வரும்; புடைக்கத் தெரியாதவர்கள் பிழை விடுவது இங்கேதான். நன்றாகப் புடைக்கத் தெரிந்த கைகளை, அம்மாவோ அன்ரியோ யாராக இருந்தாலும், கூப்பிட்டு இரண்டு ஆவர்த்தனம் சும்மா புடைக்கவிட்டு, அவருடைய இயல்பான வேகத்தை அளந்துவிட்டுப் பாட்டின் காலப்பிரமாணத்தை அதற்கு அருகில் வையுங்கள். கால் கிலோ அரிசிக்கு மேல் போட்டால் ஒலி மந்தமாகும். புழுங்கல் அரிசியை விடப் பச்சையரிசி கூர்மையாகக் கேட்கும். திரையில் இது இன்னும் வடிவு: கை எழும்புவது அடிக்கு வெளியிலும் அரிசி விழுவது அடியிலும் இருப்பதால், பார்ப்பவருக்குத் தாளத்தின் உள்பக்கமே தெரிகிறது.

உரலும் உலக்கையும் கீழ்ஸ்தாயி ஒலி. வெறும் உரலில் இடித்தால் மரத்தில் மரம் படுகிற வெடிப்பு; ஊறவைத்த அரிசி கால்வாசி இருந்தால் ‘தொம்’ என்று அடங்கிய ஒலி. இரண்டையும் எடுத்து வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்), வலந்தலை (வலப்பக்கம்) என்ற மாதிரி இரண்டு சொல் கிடைக்கும். மைக்கை உரல் வாய்க்கு மேலே வைக்காதீர்கள். நிலத்தில் ஒரு துணியை மடித்துப் போட்டு அதன்மேல், உரலிலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள். கனம் நிலத்தோடுதான் ஓடுகிறது.

திருவலையில் தேங்காய் துருவுகிற ஒலி வேகமான சந்தத்துக்குப் பொருந்தும். ஆனால் ஒரு பக்க இழுப்பு மட்டுமே ஒலிக்கும், மறுபக்கம் கை திரும்புவது மௌனம். கிணற்றுக் கப்பி கிரீச்சிடுவதற்குச் சுருதி உண்டு. வாளி பாரமாகும்போது அந்தச் சுருதி மாறும். எண்ணெய் விடுவதற்கு முன் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மூக்குப்பேணியும் செம்பும் சுரம் தரும். விளிம்பை ஒரு மெல்லிய மரக்குச்சியால் தட்டினால் கணீரென்று வரும். தண்ணீர் விட விடச் சுருதி இறங்கும். பாதி மட்டம் வரை விட்டாலும் இறக்கம் சொற்பம்தான். மேற்பாதியில் ஒரு தேக்கரண்டி கூடக் காதுக்குத் தெரியும். ஆகவே மேலே போகப் போகச் சிறு கரண்டியால் விடுங்கள், சுருதி பார்க்கும் அப் ஒன்றைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஏனத்தை நேரே சீமெந்து நிலத்தில் வைத்தால் ஒலி செத்துவிடும். துணியை வளையமாகச் சுற்றி அதன்மேல் வையுங்கள். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம், தண்ணீர் அசைந்தால் சுரமும் அசையும்.

மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று கிளம்பியதும் வானம் முழுக்கப் பட்டம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டியைத் தெரியாதவர் இல்லை. பட்டத்தில் பூட்டுகிற விண் ஒரு முழு வாத்தியம் என்பதை ஏனோ நம் இசைக்காரர்கள் இன்னும் கணக்கெடுக்கவில்லை. வளைத்த வில்லில் இழுத்துக் கட்டிய நார் காற்றில் அதிர்ந்து கூவுகிறது. நாரின் அகலம், நீளம், இழுப்பு மூன்றும் சுருதியைத் தீர்மானிக்கும். காற்று கூடினால் அதுவும் கூடும். தம்பூராவுக்குப் பதில் அதை ஆதார ஒலியாக வைக்கலாம். இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் மைக்கில் அடிக்கிற காற்று. பட்டத்தைத் தாழ்வாக, ஒரு பனை உயரத்துக்கு ஏற்றிவிட்டு, மைக்கை மதிலின் மறைவில், காற்றுப் படாத பக்கத்தில், பஞ்சு உறை போட்டு வையுங்கள். மடிக்கணினியில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மிச்சக் காற்றிரைச்சலில் பெரும்பகுதி போய்விடும். சுருதி ஆடாமல் நிற்கிற 6 முதல் 8 விநாடித் துண்டு ஒன்று கிடைத்தால் போதும். அதை அளந்து, பாட்டின் சட்ஜத்தை அதற்கு வையுங்கள். விண்ணைப் பாட்டுக்கு இழுக்க வேண்டாம். பாட்டு விண்ணிடம் போகட்டும். நிறைய இழுத்தால் அந்தக் கூவலின் உயிர் போய்விடும்.

சுருதி விடயத்தில் பொது விதி இதுதான்: மாற்ற முடியாததை முதலில் பதிவு செய்யுங்கள். நாதஸ்வரத்தின் சுருதி கருவியோடு வருவது, பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டை. விண் அப்படி, ஹார்மோனியம் அப்படி. குரலும் வயலினும் பிறகு வந்து சேரும். மிருதங்கம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். மேடைக் கச்சேரியில் இறங்கினால் எல்லோருக்கும் சேர்த்துத் தெரியும், உடனே தட்டிச் சரி செய்வார்கள். அடுக்கிப் பதிவு செய்யும்போது காலையில் எடுத்த மிருதங்கம் ஒரு சுருதியிலும் பின்னேரம் எடுத்த திருத்தம் வேறு சுருதியிலும் கிடக்கும்; இரண்டையும் ஒட்டிய இடத்தில்தான் வெளிச்சமாகும். ஒவ்வொரு ரேக்குக்கும் (ஒரு தரம் எடுக்கிற பதிவு) முன்னால் சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். ஒரு பகுதியை ஒரே அமர்வில் முடியுங்கள்.

இராகத் தெரிவும் அடுக்குவதோடு தொடர்புடையது. மோகனத்தில் ச ரி க ப த என்ற ஐந்தும் எப்படிச் சேர்ந்தாலும் உராயாது, அரைச்சுர இடைவெளி எங்கும் இல்லை. அதற்குள் முழுமையாக நிற்கிற மூன்று சுரக் கூட்டுகள் இரண்டு: சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் ஒன்று, தைவதம், சட்ஜம், காந்தாரம் மற்றது. முதலாவது வெளிச்சம், இரண்டாவது நிழல். இந்த இரண்டை மட்டும் மாற்றி மாற்றி வைத்தே குரல் அடுக்கு முழுவதையும் கட்டலாம், இராகத்துக்கு வெளியே ஒரு சுரமும் போகாது. தோடியில் இப்படி அடுக்கப் போனால் இராகமும் கெடும் அடுக்கும் கெடும். அதற்குக் காரணம் கமகம், சுரத்தை அசைத்துப் பாடுவது. ஒரே வரியை இருமுறை பாடினால் நேர்ச்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். கமகங்கள் ஒருபோதும் ஒரே அசைவில் விழா, கலங்கலாகக் கேட்கும். எனவே கமகம் நிறைந்த வரிக்கு ஒரே குரல். நீட்டி நிற்கிற சுரத்தில் மட்டும் இரண்டாவது, மூன்றாவது குரலைச் சேருங்கள்.

இனி வேகமும் பிரேமும். வீடியோ துண்டு துண்டான படங்களால் ஆனது. விநாடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லிவிநாடி. ஓர் அடிக்கு முழுப் பிரேம்கள் வருகிற வேகத்தைத் தெரிந்தெடுத்தால் வெட்டுவது எல்லாம் அடியிலேயே விழும். 1500ஐ வேகத்தால் வகுத்துப் பாருங்கள்: 75 என்றால் 20 பிரேம், 100 என்றால் 15, 125 என்றால் 12. விநாடிக்கு 30 பிரேமில் எடுத்தால் 1800ஐ வகுக்க வேண்டும்: 75க்கு 24, 90க்கு 20, 120க்கு 15. நிமிடத்துக்கு 83 என்று வைத்தால் ஒவ்வொரு வெட்டும் அடிக்குக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோதான் விழும். ஒரு தட்டையே எட்டுத் தரம் வெட்டி ஒட்டும்போது அந்தத் தடுமாற்றம் கண்ணை உறுத்தும்.

25 பிரேம் எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைற்றும் மலிவான எல்.ஈ.டி.யும் விநாடிக்கு 100 தரம் மினுங்குகின்றன. போன் தானாக வேறு வேகத்தில் ஷட்டரை வைத்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து போகும். ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று பூட்டுங்கள், பட்டை போய்விடும். போனுடன் வருகிற கமராவில் அந்த வசதி இல்லாவிட்டால் ஓப்பன் கமரா, பிளக்மஜிக் கமரா போன்ற இலவச அப்களைப் பார்க்கலாம். குவியம், வெளிச்சம், வெள்ளைச் சமன் மூன்றையும் கையால் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் முகிலொன்று போகும்போது ஒரு கட்டம் மட்டும் நீலமாகும்.

பெரிய தலையிடி, போன்கள் பிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்திருக்காதது. வெளிச்சம் குறைந்தால் போன் 30இலிருந்து இறங்கிவிடும். பாட்டின் தொடக்கத்தில் கைகள் சரியாக இருக்கும், மூன்றாவது நிமிடத்தில் தவிலடி முன்னே போய் ஒலி பின்னே வரும். பலர் இதை மைக்கின் பிழை என்று தேடுகிறார்கள். எடிற்றிங்குக்குக் கொண்டுபோகுமுன் எல்லாக் கிளிப்பையும் ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றுங்கள். ஒலியின் மாதிரி வேகத்தை (sample rate) எல்லா இடத்திலும் 48,000 என்று வையுங்கள். 44,100இல் எடுத்ததை 48,000 என்று மென்பொருள் பிழையாக விளங்கிக்கொண்டால் பாட்டு ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறி, வேகமும் கூடி ஓடும்.

கிளிக்கைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஹெட்போன் கட்டாயம் வயர் உள்ளதாக இருக்க வேண்டும். புளூரூத் ஹெட்போனில் ஒலி நூற்றுக்கணக்கான மில்லிவிநாடி பிந்தி வரும். நீங்கள் அதைக் கேட்டு வாசிப்பதால் உங்கள் வாசிப்பும் அவ்வளவு பிந்தும். அடுத்த பிரச்சினை, ஹெட்போனிலிருந்து கிளிக் கசிந்து மைக்கில் விழுவது. மெதுவான ஆலாபனைக்கு நடுவே ‘டிக் டிக்’ என்று கேட்கும், பின்னர் எடுக்க முடியாது.

இதற்கு நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்திலேயே விடை இருக்கிறது. அங்கே காலத்தைக் காப்பவர் தாளக்காரர். நீங்களும் முதலில், கிளிக்கைக் கேட்டுக் கைத்தாளத்தை மட்டும் 32 ஆவர்த்தனமும் போட்டு, படமும் ஒலியும் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு கிளிக்கைத் தூக்கிப் போடுங்கள். மற்ற எல்லாப் பகுதிகளையும் அந்தத் தாளத்தைக் கேட்டே வாசியுங்கள். அது ஹெட்போனிலிருந்து கசிந்தாலும் பாதகமில்லை, பாட்டில் அதே இடத்தில் அதே தாளம் இருக்கத்தான் போகிறது. விதியும் காக்கப்படுகிறது, காலம் காட்டுகிற ஒலியும் திரையில் ஒரு கட்டத்தில் தெரிகிறது. இயந்திரக் கிளிக்குக்கு வாசித்த மிருதங்கத்தையும், மனிதக் கை போட்ட தாளத்துக்கு வாசித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால், இரண்டாவதில் சொற்கள் மூச்சு விடும்.

பதிவுக்கான அறை. ஓட்டு வீட்டின் உயரமான கூரையும் மரச்சட்டமும் ஒலிக்கு நல்லது. ஸ்லாப் போட்ட வெறும் அறை மோசம், நான்கு சுவரும் திருப்பி அடிக்கும். தடித்த பெட்ஷீற் அல்லது பழைய சேலைகளை இரண்டு மூன்று மடிப்பாக, சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டினால் பாதிப் பயன்தான். மெத்தையை நிமிர்த்தி மைக்குக்குப் பின்னால் அல்ல, வாசிப்பவருக்குப் பின்னால் வையுங்கள். பனையோலைப் பாய் மேலொலியைக் கொஞ்சம் குறைக்கும், கீழொலியை ஒன்றும் செய்யாது. தவிலை மட்டும் அறைக்குள் எடுக்க வேண்டாம், விறாந்தைக்குக் கொண்டு போங்கள்.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டுங்கள். 50, 100, 150 ஹேர்ட்ஸில் கேட்கிற இரைச்சல் பெரும்பாலும் அதிலிருந்துதான். மின்விசிறியை நிறுத்துங்கள். ஆடி, ஆவணியில் நல்லூரின் 25 நாள் திருவிழாவும் சுற்றுவட்டக் கோயில்களின் ஒலிபெருக்கியும் இருக்கும். அந்தக் காலத்தில் பதிவுக்கு நாள் குறிக்காமல் எழுத்து வேலையைச் செய்யலாம். பாண் கொண்டுவருகிற ஓட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு வரும். இரைச்சலை வடிகட்டலாம், சுருதியோடு வருகிற மெட்டை வடிகட்ட முடியாது. அந்த ரேக்கை விட்டுவிடுங்கள்.

தவில் போனின் மைக்கைத் தோற்கடித்துவிடும். போன்கள் ஒலியளவைத் தாமே ஏற்றி இறக்கும். ஒரு பலத்த அடி விழுந்ததும் அளவைக் குறைத்துவிடும், அதற்கடுத்த நுணுக்கமான சொற்கள் எல்லாம் அமுங்கிப் போகும். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இழப்பு பொறுக்க முடியாதது. வலந்தலையில் விரற்கூடு மாட்டிய விரல்கள் தருகிற சின்னச் சொற்களில்தான் அந்த வாசிப்பின் அழகெல்லாம் இருக்கிறது. ஓப்பன் கமராவில் பதப்படுத்தாத ஒலி என்ற தெரிவு இருக்கிறது, உங்கள் போன் இடம் கொடுத்தால் அதை எடுங்கள். தனி ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. முதலில் ஆகப் பலமான தீர்மான அடியை அடிக்கச் சொல்லி, அது உச்சவரம்புக்குக் கீழே 10 டெசிபலில் நிற்கும்படி அளவைப் பூட்டுங்கள். மைக் ஒரு மீற்றர் தூரத்தில், வலந்தலைக்கும் தொப்பிக்கும் நடுவில், கொஞ்சம் வலந்தலைப் பக்கமாக. ஒரே மைக் என்றால் தொப்பிக்கு நேராக வைப்பதுதான் வழமையான தவறு. தொப்பியில் விழுகிற கம்படி எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஒவ்வொரு ரேக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் கமராவுக்குத் தெரியும்படி ஒரு தரம் கை தட்டுங்கள். முதல் தட்டு படத்தையும் ஒலியையும் பொருத்த. கடைசித் தட்டு, நடுவில் நழுவியதா என்று பார்க்க. நம் வெயிலில் ஒலி ஒரு மீற்றர் போக ஏறத்தாழ 3 மில்லிவிநாடி எடுக்கும். மூன்று மீற்றர் தள்ளி வைத்த மைக் 9 மில்லிவிநாடி பிந்தும். படத்துக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் தவிலும் உரலும் சேர்ந்து விழ வேண்டிய அடியில் இரட்டையாகக் கேட்கும். அங்கே மட்டும் அலைவடிவத்தைப் பெரிதாக்கிக் கையால் நகர்த்துங்கள்.

நகர்த்துவதற்கு எல்லை உண்டு. ஒலி படத்துக்கு முந்தினால் மனிதருக்குச் சீக்கிரம் தெரியும், பிந்தினால் அவ்வளவாகத் தெரியாது. ஒளிபரப்புத் துறைக்கான சர்வதேசப் பரிந்துரையில் இது ஏறத்தாழ 45 மில்லிவிநாடி முந்துவதும் 125 மில்லிவிநாடி பிந்துவதும் என்று இருக்கிறது. ஆகவே சந்தேகம் வந்தால் ஒலி ஒரு பிரேம் பிந்தட்டும், ஒருபோதும் முந்தக் கூடாது. ஒரு தட்டை ஒரு பிரேமுக்கு மேல் நகர்த்த வேண்டி வந்தால் படத்தையும் சேர்த்து வெட்டி நகர்த்துங்கள். ஒலியை மட்டும் திருத்திவிட்டுப் படத்தைப் பழையபடி விட்டால், அது கையசைப்பு நடிப்புக்குச் சமம். முதல் விதி அங்கே உடைகிறது.

உரல், படலை, கப்பி போன்ற வெட்டுகிற ஒலிகளை எடுக்கும்போது ஒவ்வொன்றையும் மெது, நடு, பலம் என மூன்று அளவில், அளவுக்கு ஐந்து தரம் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு மூன்று விநாடி அசையாமல் இருக்க வேண்டும், ஒலி ஓயுமுன் கையை எடுத்தால் வால் வெட்டுப்படும். ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஆகிவிடும். ஐந்தையும் மாற்றி மாற்றி வைத்தால் காதும் கண்ணும் அதை வாசிப்பு என்று ஏற்றுக்கொள்ளும். வெட்டு விழ வேண்டிய இடம் உலக்கை உரலைத் தொடுகிற பிரேம் அல்ல. அதற்கு மூன்று நான்கு பிரேம் முன்னால், உலக்கை இறங்கிக்கொண்டிருக்கும்போது. இறக்கத்தைப் பார்த்தால்தான் அடியை மனம் எதிர்பார்க்கும்.

திரை அமைப்பைப் படமெடுக்குமுன் வரைந்துவிட வேண்டும். முழு 1080 அளவுத் திரையில் நான்கு கட்டம் என்றால் ஒவ்வொன்றும் 960க்கு 540. ஒன்பது என்றால் 640க்கு 360. போனில் பார்ப்பவருக்கு ஒன்பதில் ஒன்று விரல் நகத்தின் அளவுதான், மிருதங்க விரல் அங்கே தெரியாது. ஒன்பது கட்டத்தை உச்சத்துக்கு மட்டும் வையுங்கள். புது ஒலி நுழையும்போது ஓர் ஆவர்த்தனம் முழுத்திரை, பிறகு அது தன் கட்டத்துக்குப் போகட்டும். இடக் கட்டத்தில் இருப்பவர் வலப்பக்கம் பார்க்க வேண்டும், வலக் கட்டத்தில் இருப்பவர் இடப்பக்கம். அப்போதுதான் ஒன்பது பேரும் ஒரே சபையில் இருப்பார்கள். ஒலியையும் அதே பக்கமாகக் கொஞ்சம் சாயுங்கள். வாசிக்காத நேரத்தில் கட்டத்தை அணைக்காதீர்கள். மற்றவர் வாசிப்பதைக் கேட்டுத் தொடையில் தாளம் போடுகிற முகம் ஒரு கச்சேரியில் எவ்வளவு அழகோ, இங்கேயும் அவ்வளவு அழகு. அதற்காகவே கமராவை இடையில் நிறுத்தக் கூடாது.

வெட்டுகளை எப்போதும் சமத்தில் (ஆவர்த்தனத்தின் முதல் அடி) வைப்பது மேல்நாட்டுப் பாட்டுக்குச் சரி. நம் பல்லவிகள் பல சமத்திலிருந்து அரை இடம் தள்ளி எடுப்பவை. 75 வேகத்தில் அது 10 பிரேம். சமத்தில் முகத்துக்கு வெட்டினால் பாடகர் 10 பிரேம் வாயைத் திறந்தபடி காத்திருப்பார். வெட்டை எடுப்பில், அதாவது பாட்டு தொடங்குகிற இடத்தில் வையுங்கள், சமத்தைத் தாளக்காரரின் கையில் விடுங்கள். மருதனார்மடத்தில் சங்கீதம் முறையாகப் படித்தவர்கள் இதை விரலெண்ணிக்கையிலேயே சொல்லிவிடுவார்கள். எடிற்றிங் செய்பவர் வேறு ஆளாக இருந்தால் எடுப்பு எங்கே என்று எழுதிக் கொடுங்கள்.

எட்டு ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் ஒன்பது வீடியோவை ஒன்றாக ஓட்டினால் திணறும். அதற்காகப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பில் சிறிய பிரதிகளை உருவாக்கி அவற்றோடு வேலை செய்து, கடைசியில் மட்டும் மூலத்துக்கு மாற்றலாம். எட்டுப் பகுதி, பகுதிக்கு மூன்று ரேக் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கிட்டவாகப் படம் சேரும், 10 ஜிபி அளவு இடம் முதலிலேயே காலியாக இருக்க வேண்டும்.

கலவையில் ஒரேயொரு எதிரொலியை எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போடுங்கள். வெவ்வேறு நாளில் வெவ்வேறு அறையில் எடுத்தவை ஓரிடத்துக்கு வந்து சேரும். அனுமதி கிடைத்தால் ஒரு கல் மண்டபத்தில் பலூன் ஒன்றை உடைத்து அந்த ஒலியைப் பதிவு செய்து, அதையே எதிரொலிக்கு மூலமாகக் கொடுக்கலாம்; மண்டபம் பாட்டுக்குள் வந்துவிடும். எதிரொலி கண்ணுக்குத் தெரியாதே, விதி என்ன ஆவது என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒரு வாத்தியத்தின் ஒலி அல்ல, இடத்தின் ஒலி. ஆகவே விதியை மீறவில்லை என்பது என் நிலைப்பாடு. கடைசி ஆவர்த்தனத்தில் அந்த மண்டபத்தை ஒரு தரம் காட்டிவிட்டால் வாதமே இல்லை.

பெரும்பாலானோர் போனின் ஒலிபெருக்கியில்தான் கேட்பார்கள். அது கீழொலியைத் தராது, தொப்பியும் உரலும் காணாமல் போகும். சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. அந்தத் தடங்களுக்கு மெல்லிய சாச்சுரேஷன் (ஒலியை இலேசாகச் சிதைக்கிற விளைவு) கொடுத்தால் மேல் அதிர்வுகள் பிறந்து, போனிலும் அடி இருப்பது தெரியும். மொத்த அளவை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கிற அலகு) பக்கத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஏற்றி அனுப்பினால் யூரியூப் தானே குறைத்துவிடும், நசுக்கிய தவில் மட்டும் மிஞ்சும்.

பதிவேற்றுமுன் ஒலியை முழுதாக நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். கைத்தாளம் இருக்கும் கட்டத்தை விரலால் மறைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பார்த்து உங்களால் தாளம் போட முடிந்தால் வேலை முடிந்தது. எந்த ஆவர்த்தனத்தில் தாளம் தவறுகிறதோ, அங்கே தட்டுகிற கை கட்டத்துக்கு வெளியே போயிருக்கும், அல்லது வெட்டு எடுப்புக்கு முன்னரே விழுந்திருக்கும். அந்த ஆவர்த்தனத்தை மட்டும் திறந்து, கையைக் கட்டத்தின் நடுவுக்கு இழுத்துவிட்டுத் திரும்பவும் ஓட்டிப் பாருங்கள்.